பதினோரு மணிப் பசி

கேன்டீனில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சிலர் போன வாரம் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார்கள். ஊருக்கே வைக்கிற சாம்பாரைப் பற்றிக் கேட்பார்கள், அடிப்பிடிக்காமல் பாயசம் கிளறுவது எப்படி என்று கேட்பார்கள் என நானும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் கேட்டது என் வயிற்றைப் பற்றி. கூடத்தில் மாட்டியிருக்கிற பழைய போட்டோவில் இருப்பது நான்தானா என்று ஒருத்தன் கேட்டே விட்டான். நான்தான். அந்த ஆளை அறுத்துத் தைத்தால் இப்போதைய நான் இரண்டு பேர் வருவேன்.

வந்தவர்களில் இரண்டு பேருக்கு இந்த வயதிலேயே தொப்பை விழுந்திருக்கிறது, கவனித்தேன். அதில் ஒருத்தன் வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து, ஆபரேஷன் செய்துகொள்ளலாமா மாஸ்டர் என்று மெதுவாகக் கேட்டான். நின்றுகொண்டே சொல்கிற பதில் இல்லை அது. அதனால் எழுதுகிறேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுவது இது. எழுத்தில் தப்பு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். சமையலில் இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் காடாம்புலியூர் பக்கம். கான்ட்ராக்டில் அண்டா கழுவ வந்தவன். காய் நறுக்கி, அடுப்புக்கு நின்று, பெர்மனென்ட் ஆகி, கடைசியில் மைன்ஸ் கேன்டீனுக்கே ஹெட் குக் ஆனேன். யாரும் கையைப் பிடித்துத் தூக்கிவிடவில்லை. என் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது, மற்ற எல்லா இடத்திலும் மாஸ்டர்தான். டெல்லியிலிருந்து வந்த பெரிய அதிகாரி ஒருவர் என் ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்துவிட்டு, மீட்டிங்குக்கு நேரமாகிறது என்று பக்கத்தில் இருந்தவர்கள் துடிக்கத் துடிக்க இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்தார். கூட நின்றவர்கள் இன்னும் சிலர் டவுன்ஷிப்பில் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

ஆனால் என் பெருமை ரசத்தில் இல்லை. அளவில் இருந்தது. இன்றைக்கு எத்தனை பேர் டியூட்டி என்று டைம் ஆபீஸ் காகிதம் அனுப்பும். காகிதத்தில் இருப்பது தலைக்கணக்கு. சாப்பிடுவது வயிறு. வெயில் கொளுத்தினால் சோறு குறைந்து மோர் போகும். சுரங்கத்தில் கரி ஏற்றிப் போகிற பெல்ட்டு நின்று போய்ச் சேற்றில் இறங்கி வேலை பார்த்த நாளில் ஒருத்தன் இரண்டு பேர் சோறு சாப்பிடுவான். இதை எந்தக் காகிதமும் சொல்லாது.

எனக்கு முன்னால் இருந்த மாஸ்டர் ஒரு சட்டம் வைத்திருந்தார். ஹெட் குக் காலையில் டிபன் சாப்பிடக் கூடாது. பதினோரு மணிக்கு அரிசி போடுகிற நேரத்தில் வெறும் வயிற்றோடு நிற்க வேண்டும். அதே வெயில், அதே காற்று, அதே கரித்தூசியில்தான் நீயும் இருக்கிறாய். அந்த நேரத்தில் உன் வயிறு எப்படிக் கேட்கிறதோ அப்படித்தான் கீழே சுரங்கத்துக்குள் இருக்கிறவன் வயிறும் கேட்கும் என்பார். சிரிப்பாக இருக்கிறதா? நான் அதை வைத்துத்தான் இத்தனை வருஷம் ஓட்டினேன். பதினோரு மணிக்கு ஸ்டீம் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பேன். வயிறு ஒரு இழு இழுக்கும். அந்த இழுப்பை வைத்து இத்தனை கூடை அரிசி என்று சொல்வேன். யாரும் வயிறு காய்ந்து போனதில்லை, சோறு குப்பைத் தொட்டிக்குப் போனதும் இல்லை.

பரிமாறி முடிந்த பிறகு நாங்கள் சாப்பிடுவோம். கவிழ்த்துப் போட்ட குண்டான் மேல் உட்கார்ந்து, அண்டாவின் அடியில் ஒட்டின காந்தலைச் சுரண்டி, கெட்டி மோரை ஊற்றி, மிஞ்சின பொரியலையெல்லாம் ஒன்றாகப் போட்டு. காலையிலிருந்து காத்துக் கிடந்த வயிறு, சொல்லவா வேண்டும். மூன்று பேர் சோறு சாப்பிடுவேன். பண்ருட்டிப் பலா வரும் காலத்தில் மேலே அரைப் பழம். அந்தச் சாப்பாடு மாதிரி ஒரு சாப்பாட்டை நான் கல்யாண வீட்டிலும் கண்டதில்லை. அதை எழுதும்போதே கை நின்றுவிடுகிறது.

உடம்பு அப்படித்தான் ஏறியது. முட்டி போனது, சுகர் வந்தது. ஒருநாள் கொதிக்கிற சாம்பாருக்குப் பக்கத்தில் கால் மடங்கி, நல்லவேளையாக உள்ளே விழாமல் வெளியே விழுந்தேன். கம்பெனி மெடிக்கல் செக்கப்பில் பார்த்துவிட்டு, இனி அடுப்புப் பக்கம் நிற்கத் தகுதியில்லை, உடம்பைக் குறைத்துக்கொண்டு வந்தால் பார்க்கலாம், அதுவரை கூப்பன் கவுண்டர் என்றார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கூப்பன் கிழிக்கிற வேலை. ரிட்டயர்மென்ட்டுக்கு அதிக காலம் இல்லை. அண்டா பக்கத்தில் நின்று ரிட்டயர் ஆக வேண்டும், கூண்டுக்குள் உட்கார்ந்து ஆகக் கூடாது. எனக்கு இருந்தது அந்த ஒரு ஆசைதான். நடந்து பார்த்தேன், பட்டினி கிடந்து பார்த்தேன், கஞ்சி குடித்துப் பார்த்தேன். முட்டி நடக்க விடவில்லை. கடைசியில் பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்று முடிவானது. இரைப்பையில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு ஒரு வாழைக்காய் அளவுக்கு விடுவார்கள்.

என் மனைவிக்குச் சம்மதம் இல்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்.

"கைய அடக்க முடியாம வயித்த அறுத்துக்கினு வர்ற ஆள இப்பத்தாங்க பாக்கறேன்."

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு முறை சொல்லித் தர ஒரு பெண் இருந்தது. என் மகள் வயதுகூட இருக்காது. என்ன வேலை என்று கேட்டது. சமையல் என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டது.

"சார், சாப்பாடு குறையறது கொஞ்ச நாள்ல பழகிடும். ஆனா பசியும் குறைஞ்சிடும். சில பேருக்கு ரொம்ப நாளைக்கு வராது. கடிகாரத்தைப் பாத்துத்தான் சாப்பிடணும்."

"பசிக்கலன்னா பாதித் தொல்லை விட்டுச்சும்மா" என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனது. அந்தப் பெண் சொன்னதில் பாதி சமையல்காரனுக்கு என்று தனியாகச் சொன்னது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் கொஞ்ச நாள் நீராகாரம்தான். ஈரலைச் சுருக்குவதற்காம். நடுவில் ஏமாற்றினால் கத்தி வைக்க மாட்டோம் என்றும் சொல்லிவிட்டார்கள். லீவு போடச் சொன்னார்கள். நான் போடவில்லை. அடுப்பில் நிற்கத்தானே கூடாது, கூண்டுக்குள் இருக்கலாமே என்று போனேன். கூண்டுக்கு நேர் எதிரே கிச்சன் கதவு. பிரியாணி நாளில் தம் உடைக்கிற வாசனை கண்ணாடியைத் தாண்டி வரும். நான் ஆஸ்பத்திரியில் கொடுத்த சத்துப் பவுடரைக் கரைத்து டீ டம்ளரில் வைத்துக் குடித்துக்கொண்டிருப்பேன். கலா என்று ஒரு கான்ட்ராக்ட் பெண், குறிஞ்சிப்பாடியிலிருந்து முதல் பஸ்ஸில் வரும், கைவேலையில் கெட்டிக்காரி. அது எட்டிப் பார்த்து, மாஸ்டர் வெள்ளையடிக்கிற சுண்ணாம்பைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று கிச்சன் முழுக்கச் சொல்லிச் சிரிக்கவைத்தது. சிரிக்கட்டும். ஒரு சொட்டு ஏமாற்றவில்லை நான். உங்களில் யாராவது போவதென்றால் இந்த நாட்களை லேசாக நினைக்காதீர்கள். ஆபரேஷன் டாக்டர் செய்கிறது, இது நீங்கள் செய்கிறது.

முடிந்தது. முதலில் தண்ணீர், மடக்கு மடக்காக. அப்புறம் வடிகட்டினது, மசித்தது. பிறகு ஒரு இட்லியை நாலாகப் பிய்த்து, ஒரு துண்டை வாயிலேயே கூழாக்கி. ஒரு கவளம் அதிகமானால் நெஞ்சில் கல் வைத்த மாதிரி நிற்கும், எழுந்து போய்க் கக்க வேண்டியதுதான். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. சத்து மாத்திரை ஆயுசுக்கும். தலைமுடி கொட்டியது. உடம்பும் கொட்டியது. மார்க்கெட்டில் பார்த்தவர்கள் என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, அவருக்கு என்ன வியாதி, எங்கே காட்டுகிறீர்கள் என்று விசாரித்தார்கள். சுகர் மாத்திரை குறைந்தது. முட்டி என் பேச்சைக் கேட்டது. மெடிக்கலில் ஃபிட் போட்டுக் கொடுத்தார்கள். கூண்டிலிருந்து எழுந்து அண்டாவுக்குத் திரும்பிப் போன அன்றைக்கு நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பதினோரு மணி ஆனது. வழக்கம்போல் ஸ்டீம் பாத்திரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஒன்றும் இல்லை.

எப்படிச் சொல்வது? வலிக்கவில்லை, குமட்டவில்லை, களைப்பும் இல்லை. தாளிப்பு வாசனை மூக்குக்குத் தெரிகிறது, உப்பு நாக்குக்குத் தெரிகிறது. அதற்குக் கீழே வயிறு ஆளில்லாத வீடு மாதிரி கிடக்கிறது. எத்தனை கூடை மாஸ்டர் என்று பக்கத்தில் காத்துக்கொண்டிருக்கிறார்கள். சில நாள் பழைய கணக்கை நினைவில் வைத்துச் சமாளித்தேன். ஆனால் ஒன்று என்னை அறியாமல் நடந்துகொண்டிருந்தது. நாலு ஸ்பூன் சோறு சாப்பிட்டு நிறைகிற ஆளுக்குக் கூடை கூடையாக அரிசியைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். இவ்வளவையும் யார் சாப்பிடப் போகிறார்கள் என்று தோன்றும். கூடையில் கொஞ்சம் குறைத்தேன். மறுநாள் இன்னும் கொஞ்சம். சோறு மட்டுமட்டாக வந்தது, வீண் இல்லை என்று அதற்கும் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

பிறகு ஒரு மழை நாள். விடியற்காலையில் கொட்டி, பெல்ட்டெல்லாம் சேறு ஏறி நின்றுவிட்டது. காலையிலிருந்து ஆட்கள் மண்வெட்டியோடு இறங்கிவிட்டார்கள். எனக்கும் தெரியும். தெரிந்தும் பதினோரு மணிக்கு என் வயிறு வாயைத் திறக்கவில்லை. நானும் வழக்கமான அளவையே சொன்னேன்.

கலா அரிசியைக் களைந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தது.

"மாஸ்டர், இது தாங்காதுங்க. எனக்கே இப்பவே கண்ண இருட்டிக்கினு வருது."

"நீ எனக்கு அளவு சொல்றியா?" என்றேன்.

அது குனிந்துகொண்டது.

பன்னிரண்டு மணிக்கு வந்தார்கள். முழங்கால் வரைக்கும் கறுப்புச் சேறு, கையை மட்டும் கழுவிக்கொண்டு. பாதி வரிசைகூட முடியவில்லை, கரண்டி அண்டாவின் அடியில் தட்டியது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். என் கேன்டீனில் அந்த நேரத்தில் கேட்கக் கூடாத சத்தம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கேளுங்கள், உங்களுக்கும் ஒருநாள் வரும். பரிமாறுகிறவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இருக்கிறதை அரைக் கரண்டி அரைக் கரண்டியாக இழுத்துவிடலாமா மாஸ்டர் என்று காதில் கேட்டான். டைம் ஆபீஸ் காகிதத்தின் மேல் பழி போடலாம் என்று இன்னொருத்தன் சொன்னான். இரண்டும் வேண்டாம் என்றேன். அரை வயிறு சாப்பிட்டு எழுகிறவன் தனக்கு மட்டும்தான் குறைத்தார்கள் என்று நினைப்பான், அங்கேதான் தட்டு பறக்கும். குறைந்துவிட்டது என்றால் கடைசி ஆள் கண்டுபிடிப்பதற்கு முன்னால் முதல் ஆளாக நீங்களே போய்ச் சொல்லிவிட வேண்டும். ரவை மூட்டையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு, கவுண்டருக்கு வெளியே போய் வரிசைக்கு எதிரில் நின்றேன்.

"சோறு தீந்துபோச்சுங்க. அளவு போட்டது நான். கால் மணி நேரத்துல உப்புமா சூடா வரும், சாம்பார் இருக்குது. மோர் இப்பவே தரச் சொல்றேன்."

மத்தியானத்தில் உப்புமா. மண் வெட்டிவிட்டு வந்தவர்களுக்கு. டோசர் ஆபரேட்டர் சுடலைமுத்து, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், என் சோற்றுக்குப் பல வருஷத்துச் சொந்தக்காரர், வரிசையின் நடுவிலிருந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வே மாஸ்டர், ஆபரேஷன் பண்ணுனது உமக்கா, எங்களுக்கா?"

வரிசையே சிரித்துவிட்டது. அந்தச் சிரிப்பு அன்றைக்கு என் மானத்தைக் காப்பாற்றியது, சண்டை வரவில்லை. உப்புமாவைத் தின்றுவிட்டுப் போனார்கள். ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. சரியான கேள்வி அது. அவர்கள் வயிற்றையெல்லாம் நான்தான் வெட்டிக்கொண்டிருந்தேன், தினம் கொஞ்சம் கொஞ்சமாக.

சாயங்காலம் கேன்டீன் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனுஷன்தான். உடம்பு இன்னும் தேறவில்லை போலிருக்கிறது, மிச்சம் இருக்கிற காலத்தைக் கூப்பன் கவுண்டரிலேயே நிம்மதியாகக் கழித்துவிடுங்கள் மாஸ்டர் என்றார். எதற்காக வயிற்றை அறுத்துக்கொண்டேனோ அது கையை விட்டுப் போகிறது. கெஞ்சிப் பழக்கம் இல்லை எனக்கு. சமையல் என்னிடம் இருக்கட்டும், இனிமேல் அளவு என்னுடையது இல்லை, இன்னொரு முறை குறைந்தால் நானே கூண்டுக்குள் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்கிறேன் என்றேன். அளவு வேறு யாருடையது என்று கேட்டார். கலாவின் பெயரைச் சொன்னேன். கான்ட்ராக்ட் ஆளிடமா என்றார். அந்தப் பெண்ணுக்குத்தான் பசிக்கிறது சார் என்றேன். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, விட்டுவிட்டார்.

மறுநாளிலிருந்து புது ஏற்பாடு. கலா முதல் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் எப்படியும் வெறும் வயிற்றோடுதான் வரும். பதினோரு மணிக்குக் கூப்பிட்டு நிறுத்துவேன். எப்படி இருக்கிறது என்று கேட்பேன். முதல் நாள் அதற்கு வெட்கம்.

"பசிக்குதுங்க மாஸ்டர். வேற என்னா சொல்றது?"

"எப்படிப் பசிக்குது? அதச் சொல்லு."

பழகப் பழக நன்றாகவே சொன்னது. இன்றைக்கு எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்னும். இன்றைக்குக் காதெல்லாம் அடைக்கிறது என்னும். ஒருநாள், யாராவது உள்ளே இருந்து சேலையைப் பிழிகிற மாதிரி என்றது. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். ஊரை விட்டு வந்தவன், ஊரிலிருந்து வருகிறவரிடம் மழை பெய்ததா, ஏரி நிரம்பியதா என்று கேட்பானே, அந்த மாதிரி. இன்னும் கொஞ்சம் சொல்லு என்பேன். அரிசிக்கு வேண்டியது எப்போதோ கிடைத்திருக்கும். எனக்கு வேண்டியதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். பிறகு கூடைக் கணக்கைச் சொல்வேன். சோறு வடித்ததும் முதல் தட்டு கலாவுக்கு, அப்புறம்தான் கவுண்டர் திறக்க வேண்டும் என்று உத்தரவு. அது குண்டான் மேல் உட்கார்ந்து சாப்பிடுவதை இந்தப் பக்கம் நின்று பார்ப்பேன். முதல் கவளம் உள்ளே இறங்கும்போது அதன் தோள் இரண்டும் தளர்ந்து இறங்கும். எனக்கும் அப்படி இறங்கியிருக்கும், ஒருநாளும் கவனித்ததில்லை.

அதற்குப் பிறகு ஒருநாளும் குறையவில்லை. அண்டா பக்கத்தில் நின்றுதான் ரிட்டயர் ஆனேன், கழுத்தில் மாலையோடு. அந்தப் பெருமையை யாரும் என்னிடமிருந்து எடுக்க முடியாது. கலா இப்போது கூடைக் கணக்கைத் தானே சொல்கிறதாம். உங்களுக்கு அளவில் சந்தேகம் வந்தால் கலாவைப் போய்க் கேளுங்கள், முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்காதீர்கள்.

வாசலிலிருந்து திரும்பி வந்து கேட்ட அந்தத் தம்பிக்கு என் பதில் இதுதான். டாக்டர் சொன்னால் செய்துகொள், பயப்படாதே. செய்திருக்காவிட்டால் நான் இன்றைக்கு நடந்திருக்க மாட்டேன். ஆனால் உன் தட்டு சின்னதான பிறகு மற்றவன் தட்டைப் பார்த்து, இவ்வளவா என்று நினைக்காதே. அந்த நினைப்பு உனக்கே தெரியாமல் கைக்கு வந்துவிடும். இன்னொன்று, வீட்டில் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வை, எனக்குப் பசிக்காமல் போகும், அது சாப்பாட்டின் மேல் வெறுப்பு இல்லை என்று. என் மனைவி பல நாள் தன் குழம்பு பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு டவுன்ஷிப் ஆர்ச்சுக்கு வெளியே வீடு கட்டி வந்துவிட்டோம். கடிகாரத்தைப் பார்த்துத்தான் சாப்பாடு. மனைவி கிண்ணத்தை வைத்துவிட்டு, நேரமாச்சு என்பாள். மாத்திரை போடுகிற மாதிரி சாப்பிடுவேன். பலாப்பழக் காலத்தில் ஒரே ஒரு சுளையை நாராக்கி, மென்று மென்று, அதற்குள் எதையோ தேடிக்கொண்டிருப்பேன்.

போன ஆடியில் ஒரு நாள். காற்று ஆளைத் தள்ளுகிறது, மணல் முகத்தில் அடிக்கிறது. கடைக்குப் போனவன் காற்றுக்கு ஒதுங்கி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். வயிற்றில் என்னமோ செய்தது. வலி என்று பயந்துவிட்டேன். தையல் போட்ட இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். வேர்க்கவில்லை. மறுபடியும் இழுத்தது, மெதுவாக, உள்ளேயிருந்து. வாயில் தண்ணீர் ஊறியது. அப்போதுதான் தெரிந்தது, பசி.

அசையாமல் இருந்தேன். அசைந்தால் போய்விடுமோ என்று. கடைக்காரர் பஜ்ஜி எடுக்கட்டுமா என்று கேட்டதற்குக்கூட வாயைத் திறக்கவில்லை. எதிரில் கம்பெனி பஸ் ஒன்று போனது, ஜன்னலெல்லாம் டியூட்டிக்குப் போகிறவர்களின் மஞ்சள் தொப்பி. இன்னொரு இழு. நல்ல இழு. காற்றடிக்கிற நாள், தூசி தின்ற வயிறு, மோருக்கு நிற்காது, சோறுதான் கேட்கும், இன்றைக்கு இரண்டு கூடை சேர்த்தே போட வேண்டும்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன். எழுந்த பிறகுதான், எங்கே போவது என்று நின்றேன்.